தஸ்கனிக் கிராமப்புறம்: நாளுக்கு ஓர் ஊர், ஒரு கான்டீனா

இத்தாலியின் தஸ்கனி மாநிலத்துக்குப் போடப்படும் பயணத் திட்டங்களில் வழக்கமாக ஒரே கோளாறுதான் இருக்கும்: ஊர்கள் அதிகம், மதியங்கள் குறைவு. வரைபடத்தில் மோன்தால்சினோவிலிருந்து பியென்சா 24 கிலோமீட்டர், அங்கிருந்து மோன்தேபுல்சியானோ 14. மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் சிற்றூர்த் தேவாலயம் பன்னிரண்டரைக்குச் சாத்தினால் மூன்று மணிவாக்கில்தான் திறக்கும். உணவகச் சமையலறை இரண்டரைக்கு அடுப்பை அணைத்துவிடும். ஒயின் பண்ணைகள், அதாவது கான்டீனாக்கள், முற்பகலில் ஒரு வேளை, பிற்பகலில் ஒரு வேளை என்றுதான் பெரும்பாலும் ஆளைச் சேர்க்கும். ஒயின் குடித்தவர் வண்டியைத் தொடக் கூடாது. இந்த நான்கையும் ஒரு தாளில் மணிக்கணக்கோடு எழுதிப் பாருங்கள். ஒரு நாளில் ஓர் ஊர், ஒரு கான்டீனா, நிதானமாக உட்கார்ந்து ஒரு வேளைச் சாப்பாடு, இவ்வளவுதான் மிஞ்சும். அதற்கு மேல் திணித்தால் ஏதோ ஒன்று அறுந்துபோகும். பெரும்பாலும் அறுவது சாப்பாடுதான்.

ஏழு இரவுகள் கையில் இருந்தால் இப்படிப் பிரிக்கலாம். ஃபிளாரன்ஸில் இரண்டு இரவு, வண்டி இல்லாமல். பிறகு கியான்தி மலைப்பகுதியில் காஸ்தெல்லினா அல்லது ராத்தா பக்கம் இரண்டு. கடைசி மூன்று, சியேனாவுக்குத் தெற்கே வால் தோர்ச்சாவில். சியேனாவை, ஜாகை மாறும் நாளில் வழியில் பார்த்துக்கொள்ளலாம். ஐந்து இரவுதான் என்றால் கியான்தியை வெட்டுங்கள், வால் தோர்ச்சாவை வெட்டாதீர்கள். கியான்தி காடும் தோட்டமும் கலந்த மலை. அழகுதான், ஆனால் சாலையில் போகிறவருக்குப் பாதி நேரம் மரங்கள்தான் தெரியும். சைப்ரஸ் மரம் வரிசையாக நிற்கும் மொட்டைக் குன்று, ஒற்றை வீடு என்று படங்களில் பார்த்து மனதில் வைத்திருப்பதெல்லாம் வால் தோர்ச்சா. யுனெஸ்கோ 2004இல் இந்தப் பள்ளத்தாக்கை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

எந்த மாதம் என்பது எதைப் பார்க்க ஆசை என்பதைப் பொறுத்தது. ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை கோதுமை பச்சையாக அலையும். ஜூன் பிற்பாதியில் அதே வயல் பொன்னிறம். ஜூலையில் அறுத்து உழுதுவிடுவார்கள். ஆகஸ்டில் பார்ப்பது வெறும் மண் கட்டி, கூடவே கடும் வெயில். பச்சை மலையை எதிர்பார்த்து ஆகஸ்டில் போகிறவர்களின் ஏமாற்றம் இதனால்தான். திராட்சை அறுவடை செப்டம்பரிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை. பார்க்க அருமையான காலம், ஆனால் சிறிய கான்டீனாக்களில் உங்களோடு நின்று பேச ஆள் இருக்காது. எல்லாரும் தோட்டத்தில் இருப்பார்கள். நவம்பரில் புது ஆலிவ் எண்ணெய் செக்கிலிருந்து இறங்கும், வெள்ளை ட்ரஃபிள் காளானும் வரும், அறை வாடகையும் குறையும். ஆனால் ஐந்து மணிக்கு இருட்டிவிடும். ஒன்றுதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் மே மாதத்தைச் சொல்வேன்.

ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய தேதிகளில் சியேனாவில் பாலியோ குதிரைப் பந்தயம். அதற்கென்றே போகாதவர்கள் அந்த இரண்டு நாளும் நகரத்தை விட்டுத் தள்ளி இருப்பது நல்லது. ஆகஸ்ட் 15 இத்தாலி முழுக்க விடுமுறை.

இந்தியக் கடவுச்சீட்டிலோ இலங்கைக் கடவுச்சீட்டிலோ போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைந்து போகக் கூடாது. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பண்ணை வீடுகள் முன்பணம் கேட்கும். விசா வராவிட்டால் அது திரும்பக் கிடைக்குமா என்று முன்பதிவுக்கு முன்பே எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். விசா கிடைத்த கையோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துவிடுங்கள். வாடகை வண்டிக் கவுன்டரில் சில சமயம் அதைக் கேட்காமலேயே சாவியைக் கொடுத்துவிடுவார்கள். அதை நம்பிப் போனால் போலீஸ் நிறுத்தும்போதும், விபத்து நடந்து காப்பீட்டு நிறுவனம் காகிதம் கேட்கும்போதும்தான் சங்கடம் தெரியும்.

வண்டி விஷயம் கொஞ்சம் நீளம். இந்தப் பயணத்தில் பணம் வீணாகப் போகும் இடம் இதுதான்.

இத்தாலியில் சாதாரணமாகக் கிடைப்பது கியர் வண்டி. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும், வாடகையும் கூட. ஈட்டுத்தொகையைப் பிடித்து வைக்க, ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். டெபிட் கார்டு, கணவர் கார்டு, மனைவி கார்டு எல்லாம் கவுன்டரில் செல்லாமல் போகலாம். நான்கு பேருக்குப் பெரிய வண்டி எடுக்கத் தோன்றும். வேண்டாம். ஊர்ச் சந்துகளும் வாகன நிறுத்தங்களும் சிறிய வண்டிக்கு அளந்தவை. பெட்டிகளைக் குறைத்து வண்டியைச் சிறிதாக எடுப்பதுதான் சரி.

ஃபிளாரன்ஸில் ஊருக்கு நடுவே இருக்கும் அலுவலகத்தில் வண்டி எடுக்காதீர்கள். சான்தா மரியா நொவெல்லா ரயில் நிலையத்திலிருந்து டிராமில் விமான நிலையம் போய் அங்கே எடுங்கள். காரணம் இசட்.டி.எல். எனப்படும் கட்டுப்பாட்டுப் பகுதி. பழைய நகரங்களின் உட்புறத்தில் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே போகலாம். தடுப்பு எதுவும் இருக்காது, எண்பலகையைப் படமெடுக்கும் கேமரா மட்டும் இருக்கும். பலகையில் 'வார்க்கோ அத்தீவோ' என்று மின்னினால் கேமரா விழித்திருக்கிறது, நுழையக் கூடாது என்று பொருள். இதை 'வழி திறந்திருக்கிறது' என்று எடுத்துக்கொண்டு உள்ளே போகிறவர்கள் நிறைய. வழிகாட்டும் செயலியை நம்பாதீர்கள். அது குறுக்கு வழி என்று நேராக உள்ளே இறக்கிவிடும். ஒரே பகுதிக்குள் வெவ்வேறு நாளில் இரண்டு முறை நுழைந்தால் இரண்டு அபராதம். வாடகை நிறுவனம் உங்கள் முகவரியைப் போலீசுக்குக் கொடுப்பதற்கே தனிக் கட்டணம் பிடிக்கும். அபராதச் சீட்டு பல மாதம் கழித்து வீட்டுக்கு வரும். ஓட்டல் இசட்.டி.எல்.லுக்குள் இருந்தால் வண்டி எண்ணை முன்கூட்டியே கொடுத்து, பதிவு செய்துவிட்டார்களா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

நிறுத்தக் கோடுகளில் வெள்ளை இலவசம், நீலம் காசு, மஞ்சள் உங்களுக்கானதல்ல. வெள்ளைக் கோட்டிலும் பலகையில் நேரவரம்பு இருக்கலாம். அப்போது வந்த நேரத்தைக் காட்டும் அட்டை வட்டைக் கண்ணாடிக்கு உட்புறம் வைக்க வேண்டும். சியேனாவில் சான்தா கத்தரீனா நிறுத்தத்தில் விட்டால் நகரும் படிக்கட்டு பேராலயத்துக்கு அருகே கொண்டுபோய்விடும். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிடச் சிறந்த இடம் கிடையாது. வண்டிக்குள் வெளியே தெரியும்படி எதையும் வைக்காதீர்கள்.

ஃபிளாரன்ஸிலிருந்து சியேனாவுக்குச் சுங்கம் இல்லாத நாற்கர வழி இருக்கிறது, ஒன்றேகால் மணி நேரம். அழகு வேண்டுமென்றால் க்ரேவே, பான்சானோ, காஸ்தெல்லினா வழியாகப் போகும் 222ஆம் எண் சாலை. வளைவுகளால் நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. பின்னிருக்கையில் குழந்தைகள் இருந்தால் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு உடனே இந்தச் சாலையில் ஏறாதீர்கள். சுங்கச் சாவடி உள்ள நெடுஞ்சாலையில் டெலிபாஸ் (சுங்கம் தானாகக் கழியும் கருவி) என்று மட்டும் எழுதிய மஞ்சள் தடத்தைத் தவிர்த்து, பணமோ அட்டையோ படம் போட்ட தடத்தில் நுழையுங்கள். பெட்ரோல் பங்கில் 'செல்ஃப்' வரிசைக்கும் 'செர்வீத்தோ' வரிசைக்கும் விலை வேறு. ஆள் வந்து ஊற்றினால் லிட்டருக்குக் கூடுதலாகப் போகும். மதியமும் ஞாயிறும் சிற்றூர்ப் பங்குகளில் ஆள் இருக்காது, இயந்திரம் மட்டும். அது வெளிநாட்டு அட்டையை ஏற்காமல் முரண்டு பிடிப்பதுண்டு. பத்து, இருபது யூரோ தாள் கையில் இருக்கட்டும்.

வண்டியே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு, ஆனால் குறுகலான வழி. ஃபிளாரன்ஸிலிருந்து சியேனாவுக்கு ரயிலும் உண்டு, பேருந்தும் உண்டு. ரயில் நிலையம் குன்றுக்குக் கீழே. பேருந்து மேலே ஊர் விளிம்பிலேயே இறக்கிவிடும் என்பதால் இங்கே பேருந்துதான் வசதி. சியேனாவிலிருந்து மோன்தால்சினோவுக்கும் பியென்சாவுக்கும் பேருந்து உண்டு, ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிட வேண்டும். மோன்தேபுல்சியானோவில் தங்கி நடந்தே சுற்றுவது இதில் நல்ல ஏற்பாடு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தங்க, அக்ரிதூரிஸ்மோ. நடப்பிலுள்ள பண்ணையில்தான் இந்தப் பெயரில் விருந்தினரைத் தங்கவைக்கலாம் என்பது இத்தாலியச் சட்டம். பெயர்ப்பலகைக்காக நாலு கோழி வளர்க்கும் இடங்களும் இல்லாமலில்லை. இருவர் அறைக்கு இரவுக்கு 90 முதல் 160 யூரோ வரை ஆகும். ஜூலை, ஆகஸ்டில் பலர் சனி முதல் சனி வரைதான் தருவார்கள். பதிவுக்கு முன்பு கேட்க வேண்டியவை: காலைச் சாப்பாடு உண்டா, இரவு சமைப்பார்களா, சூடேற்றக் கட்டணமும் துப்புரவுக் கட்டணமும் தனியா. ஆளுக்கு இரவுக்கு இவ்வளவு என்று ஊர் வரி வேறு உண்டு, அதைப் பெரும்பாலும் ரொக்கமாகக் கேட்பார்கள். கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர் சரளைப் பாதையாக இருக்கும். முதல் நாள் வெளிச்சத்தோடு போய்ச் சேருங்கள். அந்தப் பாதைகளில் டயருக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் வரும் சேதத்தை வாடகைக் காப்பீடு சாதாரணமாக ஏற்காது, ஆகவே மெதுவாக.

இடம் தேர்வதில் படத்தில் தெரியும் நீச்சல் குளத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. இரவுச் சாப்பாட்டுக்கு நடந்து போய்த் திரும்ப முடிகிற தூரத்தில் ஓர் ஊர் இருக்க வேண்டும். குன்றின் தலையில் தனியாக நிற்கும் வீடு பகலில் சொர்க்கம். இரவு எட்டு மணிக்கு, வண்டி ஓட்ட வேண்டியவர் தண்ணீர் குடித்துக்கொண்டு மற்றவர்கள் குடிப்பதைப் பார்க்க வேண்டியிருக்கும். பியென்சா, சான் க்விரிகோ தோர்ச்சா, மோன்தேபுல்சியானோ ஆகிய மூன்றின் மதிலுக்குள்ளோ, மதிலை ஒட்டியோ இடம் தேடுங்கள்.

இனி ஒயின். இந்தப் பகுதி முழுக்க ஆட்சி செய்வது சான்ஜொவேசே என்ற ஒரே கருந்திராட்சை. பெயர்கள் மாறுவது மண்ணாலும் விதிகளாலும். கியான்தி கிளாசிக்கோ என்பது ஃபிளாரன்ஸுக்கும் சியேனாவுக்கும் இடைப்பட்ட பழைய எல்லைக்குள் விளைந்தது. அந்த எல்லையின் முதல் வடிவத்தை 1716இல் மூன்றாம் கோசிமோ கோமகன் ஆணையிட்டு வகுத்தார். குறைந்தது 80 சதம் சான்ஜொவேசே; குப்பியில் கருஞ்சேவல் முத்திரை இருக்கும். சேவல் இல்லாமல் வெறும் கியான்தி என்று எழுதியிருந்தால் அது வேறு, பரந்த பகுதியிலிருந்து வருவது. மோன்தால்சினோவின் புருனெல்லோ முழுக்க முழுக்கச் சான்ஜொவேசே. அறுவடை ஆண்டுக்குப் பிந்தைய ஐந்தாம் ஆண்டின் ஜனவரி 1க்கு முன் விற்கக் கூடாது. 2020 அறுவடை 2025 ஜனவரியில்தான் கடைக்கு வந்தது. அதே தோட்டங்களிலிருந்து வரும் ரோஸ்ஸோ தி மோன்தால்சினோ அறுவடைக்கு அடுத்த செப்டம்பரிலேயே வந்துவிடும், விலையும் ஏறக்குறைய பாதி. அன்றைய மதியச் சாப்பாட்டோடு குடிக்க ரோஸ்ஸோ போதும்; புருனெல்லோவை வாங்கி உடனே திறப்பது பல சமயம் அவசரம். மோன்தேபுல்சியானோவின் வீனோ நோபிலேயில் சான்ஜொவேசே குறைந்தது 70 சதம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மோன்தேபுல்சியானோ தப்ரூத்சோ இந்த ஊரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதது. அது வேறு மாநிலத்தின் வேறு திராட்சை.

சுவைப்புக்கு முன்பதிவு கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரம் முன்பு மின்னஞ்சல் போதும்: தேதி, எத்தனை பேர், ஆங்கிலத்தில் விளக்கம் வேண்டும் என்று மூன்று வரி. ஆளுக்கு 20 முதல் 40 யூரோ, மூன்று நான்கு ஒயின், நிலவறை சுற்றிப் பார்ப்பது சேர்த்து ஒன்றரை மணி நேரம். வர முடியாவிட்டால் சொல்லிவிடுங்கள். அங்கே உங்களுக்காகக் குப்பி திறந்து வைத்திருப்பார்கள். வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை, கட்டணம் அதற்குத்தான். காலையில் நறுமணத் தைலம் பூசாமல் போவது மரியாதை. பக்கத்தில் இருப்பவர் ஒயினை முகர வேண்டும்.

குடிப்பதைக் கணக்குப் போடுங்கள். ஒரு சுவைப்புக்கு 50 மில்லி என்று நான்கு ஊற்றினால் 200 மில்லி. 14.5 சதம் என்றால் அதில் சுமார் 23 கிராம் ஆல்கஹால். 60 கிலோ எடைக்காரர் ஒரே மணி நேரத்தில் இதைக் குடித்தால் இத்தாலியச் சட்டத்தின் எல்லையை, அதாவது லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹாலை, தொட்டுவிடலாம். உரிமம் எடுத்து மூன்றாண்டு ஆகாதவர்களுக்கு எல்லை பூஜ்யம். துப்பும் பாத்திரம் மேசையிலேயே இருக்கும், கேட்டாலும் கொடுப்பார்கள். தொழில்காரர்கள் துப்பத்தான் செய்வார்கள், வெட்கம் வேண்டாம். என்றாலும் முறை வைத்து ஓட்டுவதைவிட, குடிக்கும் நாளில் வண்டியைத் தொடாமலிருப்பதே மேல். மோன்தேபுல்சியானோவை நடந்து சுற்றச் சொன்னது இதனால்தான்: பழைய குடும்பங்களின் கான்டீனாக்கள் ஊருக்குள்ளேயே, மாளிகைகளுக்கு அடியில் குடைந்த நிலவறைகளில் இருக்கின்றன. பியாத்சா கிராந்தே சதுக்கத்தில் தொடங்கி இறக்கத்தில் வந்தால் ஒரு பிற்பகலில் இரண்டு பார்த்துவிடலாம். ஏற்றத்தில் வருவது தண்டனை. மோன்தால்சினோவில் கோட்டைக்குள் இருக்கும் ஒயின் கடையில் பலருடைய புருனெல்லோவைக் கோப்பைக் கணக்கில் வாங்கி ஒப்பிடலாம்.

சாப்பாட்டு அட்டையில் நான்கைந்து கட்டங்கள் இருந்தாலும் அத்தனையும் வாங்க வேண்டியதில்லை. இருவருக்கு ஒரு முன்னுணவு, ஆளுக்கு ஒரு பாஸ்தா, நடுவில் ஒரு காய்கறித் தட்டு என்றால் போதும். ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ 'கோப்பெர்த்தோ' பில்லில் வரும். அது மேசைக் கட்டணம், ஏமாற்று இல்லை. தனியாக டிப்ஸ் வைக்கும் கட்டாயம் கிடையாது. ரொட்டியில் உப்பு இருக்காது. சமையல்காரர் மறந்துவிடவில்லை, தஸ்கனி ரொட்டி அப்படித்தான். உப்பேறிய இறைச்சியோடும் பாலாடைக்கட்டியோடும் சேர்த்துச் சாப்பிட்டால் புரியும். இரவுச் சாப்பாடு ஏழரைக்கு முன் கிடையாது. உணவகங்களுக்கு வார விடுமுறை உண்டு, ஊருக்கு ஊர் மாறும். ஞாயிறு மதியம் உள்ளூர்க் குடும்பங்களால் நிறைந்துவிடும், அதற்கு மட்டுமாவது முன்பதிவு செய்யுங்கள்.

ஃபிளாரன்ஸ் பாணி பிஸ்தெக்கா மாட்டிறைச்சி வாங்குகிறவர்கள் விலையைக் கவனியுங்கள். அட்டையில் 6 யூரோ என்று இருந்தால் பக்கத்தில் 'எத்தோ' என்ற சொல்லும் இருக்கும்: நூறு கிராமுக்கு. எலும்போடு ஒரு கிலோவுக்குக் குறைந்து வெட்ட மாட்டார்கள், 1.2 கிலோ துண்டு 72 யூரோ. உட்புறம் சிவப்பாகத்தான் வரும். நன்றாக வேக வைக்கச் சொன்னால் பல இடங்களில் மறுத்துவிடுவார்கள். வெந்த இறைச்சிதான் பிடிக்கும் என்றால் பெப்போசோ கேளுங்கள். மிளகும் சிவப்பு ஒயினும் போட்டு மணிக்கணக்கில் வேகவைத்தது, நம் நாக்குக்கு நெருக்கம். காட்டுப்பன்றிக் குழம்போடு பப்பர்தெல்லே பாஸ்தாவும் அப்படியே.

சைவர்களுக்கு இந்தப் பகுதி தாராளம், ஆனால் கண்ணிகள் உண்டு. பீச்சி என்பது மாவும் தண்ணீரும் சேர்த்துக் கையால் உருட்டிய தடித்த பாஸ்தா, முட்டை சேர்ப்பது அபூர்வம். பெரும்பூண்டும் தக்காளியும் சேர்ந்த 'பீச்சி அல்லாயோனே' சைவம்தான். ரிபொல்லீத்தா என்ற கீரை, பீன்ஸ், ரொட்டிச் சூப்பும், ரொட்டித் தக்காளிக் கூழும் பார்க்கச் சைவம். இறைச்சி வடிநீரில் செய்திருக்கலாம். 'செந்த்சா கார்னே, செந்த்சா புரோதோ தி கார்னே' (இறைச்சி வேண்டாம், இறைச்சி வடிநீரும் வேண்டாம்) என்று இரண்டையும் சொல்லுங்கள். ரொட்டித் துண்டின் மேல் பழுப்பாக, பார்க்கத் துவையல் போல இருக்கும் 'குரோஸ்தீனி நேரி' கோழி ஈரல். பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பை நொதியால்தான் உறைய வைக்கிறார்கள், செம்மறியாட்டுப் பாலில் செய்யும் பெக்கொரீனோவும் பெரும்பாலும் அப்படியே. அதையும் தவிர்ப்பவர்கள் பியென்சாக் கடைகளில் 'கால்யோ வெஜெதாலே' என்று கேட்டால் தாவர நொதியில் உறைந்தது கிடைக்கலாம். காரம் வேண்டுமா, 'ஒலியோ பிக்காந்தே' கேளுங்கள். மிளகாய் ஊறிய எண்ணெய் வரும்.

பார்க்க வேண்டியவற்றில் முதலாவது சியேனா நகர மண்டபத்தில். ஆம்ப்ரோஜோ லொரென்செத்தி 1338–39இல் தீட்டிய 'நல்லாட்சி' சுவரோவியத்தில் நகர வாசலுக்கு வெளியே உழவும் அறுவடையும் குன்றுத் திராட்சையும் விரியும். இதைப் பார்த்துவிட்டுத் தெற்கே வண்டி ஓட்டினால் அதே நிலம் கண்ணாடிக்கு வெளியே வரும். யுனெஸ்கோ வால் தோர்ச்சாவை ஏற்றதற்கும், நல்லாட்சியின் வடிவமாகவே திருத்தப்பட்ட நிலம் என்பது ஒரு காரணம். அந்த அறை அன்று திறந்திருக்கிறதா என்று முன்பே பாருங்கள். பேராலயத்தின் சலவைக்கல் தரைச் சித்திரங்களை ஆண்டில் சில வாரங்கள்தான் மூடியில்லாமல் காட்டுவார்கள். சமீப ஆண்டுகளில் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை கடைசி வரை, பிறகு ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை.

பியென்சாவுக்கு ஒரு மணி நேரம் போதும் என்று வழிகாட்டிகள் சொல்வது சரிதான். தான் பிறந்த குக்கிராமத்தை 1459இல் தொடங்கி மூன்றே ஆண்டில் நகரமாக்கிய இரண்டாம் பயஸ் போப்பின் சதுக்கம், பக்கத்திலேயே பாலாடைக்கட்டிக் கடைகள், மதிலோர நடை. மோன்தால்சினோவுக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டரில் ஆலிவ் மரங்களுக்கு நடுவே நிற்கும் சான்ட் ஆந்திமோ மடாலயத்துக்கு முற்பகலில் போங்கள், கல்லில் ஒளி நன்றாக விழும். பான்யோ வின்யோனியின் ஊர்ச் சதுக்கமே ஒரு வெந்நீர்க் குளம். அதில் இறங்கக் கூடாது; நீர் வழிந்தோடும் கீழ்ப்புறம், பழைய ஆலைகளின் பூங்காவில் காலை நனைத்து உட்காரலாம், காசில்லை.

குப்பிகளைக் கொண்டுவருவதில் இந்தியச் சுங்கத்தின் வரி விலக்கு பெரியவர் ஒருவருக்கு 2 லிட்டர். 750 மில்லிக் குப்பி இரண்டு என்றால் ஒன்றரை லிட்டர். மூன்றாவது எல்லையைத் தாண்டும். மீதமுள்ள அரை லிட்டருக்கு உலர்த்திய திராட்சையில் செய்த இனிப்பு ஒயினான வின் சாந்தோ இருக்கிறது, 500 மில்லிக் குப்பியில் கிடைக்கும். கான்டீனாக்களில் பஞ்சு அட்டைப் பெட்டி கேட்டால் கொடுப்பார்கள். இல்லையென்றால் ஒவ்வொரு குப்பியையும் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, துணியில் சுற்றி, பெட்டியின் நடுவில் ஒன்றோடொன்று முட்டாமல் படுக்க வையுங்கள். எல்லாம் சரக்குப் பெட்டியில்தான் போக வேண்டும். வாங்கிய குப்பிகளை வெயிலில் நிறுத்திய வண்டியில் விட்டுவிட்டு ஊர் சுற்றப் போகாதீர்கள். ஜூலை மதியத்தில் சூட்டில் தக்கை மேலெழும்பி ஒயின் கசிந்துவிடும். ஆகவே வாங்குவதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொண்டு, பிடித்ததன் பெயரையும் ஆண்டையும் அன்றன்றைக்கே குறித்துவாருங்கள்.